புல்லாறும் நேராக்கிய ஆறும்: ஓர் உருவகத்தின் ஆற்றலும் எல்லையும்

முன்னுரை

உருவகம் சொல்லுக்கு அழகு செய்யும் அணி. பொருளைத் திருத்தும் ஆற்றல் அதற்கு இல்லை என்பது ஒருசாரார் கொள்கை. ஒரு பொருளை நாம் எவ்வாறு காண்கின்றோம் என்பதையே உருவகம் மாற்றுமாதலின், அப்பொருளுக்கு நாம் செய்வனவற்றையும் அது மாற்றும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவ்விரண்டனுள் எது தக்கது என்பதைப் பாடல்களைக் கொண்டே ஆராய்வது நம் துறையின் வழக்கம். பாடலுக்கு வெளியே, நிலத்தின்மீதும் நீரின்மீதும் ஓர் உருவகம் என்ன செய்தது என்று காண்பதற்கு வாய்ப்பு மிகச் சிலவே. அத்தகைய அரிய வாய்ப்பு ஒன்று அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் உள்ளது.

அமெரிக்க எழுத்தாளர் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எவர்கிளேட்ஸ்: புல்லாறு’ என்னும் நூலை முதுகலை மாணவர்களுடன் பயின்றபொழுது, “இவ்வுருவகம் அந்நிலத்தைக் காத்ததா?” என்று ஒரு மாணவர் வினவினார். ‘காத்தது’ என்று உடனே விடை கூறினோம். அவ்விடை அரைகுறையானது என்பது பின்னர்ப் புலனாயிற்று. அம்மாணவர்க்குக் கூறியிருக்க வேண்டிய முழு விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரின் வரலாறு

எவர்கிளேட்ஸ் என்பது புளோரிடாவின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் நீர்நிலம். வாள்போன்ற விளிம்புடைய கோரையினம் ஒன்று அதில் அடர்ந்து வளர்கின்றது. அந்நிலத்திற்கு நெடுங்காலம் வழங்கிய பொதுப்பெயர் ‘சதுப்பு’ என்பது. சதுப்பு என்ற அளவிலே அது பயனற்றது, நோய்க்கு இடமானது, வடிக்கத்தக்கது என்னும் கருத்துகள் அப்பெயரோடு ஒட்டி வந்தன. 1905 முதல் 1909 வரை புளோரிடாவின் ஆளுநராக இருந்த நெப்போலியன் போனபார்ட் பிரோவார்டு, அந்நீரை வடித்து விளைநிலம் ஆக்குவதைத் தம் ஆட்சியின் தலையாய பணியாகக் கொண்டார். வடித்தற்குரியது என்னும் முடிபு பெயரிலேயே அடங்கியிருந்தமையால், அதற்கு வேறு சான்று தேட வேண்டும் என்று பெரும்பாலோர் எண்ணவில்லை.

டக்ளஸ் அம்மையார் 1890இல் பிறந்து 1998இல், தம் 108ஆம் அகவையில் மறைந்தவர். மியாமி நகரத்துச் செய்தித்தாளில் எழுதிப் பயின்றவர். அமெரிக்க ஆறுகளைப் பற்றிய நூல்வரிசை ஒன்றிற்காக மியாமி ஆற்றைக் குறித்து எழுதுமாறு அவரைக் கேட்டனர். அச்சிற்றாற்றினும் அதற்குப் பின்னே உள்ள பெருநிலமே எழுதத்தக்கது என்று அவர் கருதினார். ஆயினும் ஆறுகளைப் பற்றிய வரிசையில் சதுப்பைப் பற்றிய நூல் இடம்பெறுவது எவ்வாறு? நிலத்தடி நீர் ஆராய்ச்சியாளராகிய காரல்டு பார்க்கர் என்பவரோடு உரையாடியபொழுது, அங்குள்ள நீர் தேங்கி நிற்பதன்று, தெற்கு நோக்கி மெல்ல நகர்வது என்பதை அம்மையார் அறிந்தார். அவ்வறிவிலிருந்து ‘புல்லாறு’ என்னும் பெயர் பிறந்தது.

ஒரு சொல் வேறாயிற்று. அதனோடு கேள்வியும் வேறாயிற்று. சதுப்பாயின், ‘இதனை எவ்வாறு வடிப்பது?’ என்பது கேள்வி. ஆறாயின், ‘இது எங்கிருந்து வருகின்றது? எங்குச் செல்கின்றது? இடையில் தடுத்தால் கீழே என்னாகும்?’ என்பன கேள்விகள். நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவும் திறந்து வைக்கப்பெற்றது. பூங்காவுக்கான முயற்சி அதற்குப் பல ஆண்டு முன்னரே தொடங்கியதாதலின், நூலால் பூங்கா வந்தது என்று கூறுதல் பொருந்தாது. பூங்காவின் பொருளை மக்கட்கு உணர்த்தியது நூல் எனலே தகும்.

உவம நிலை

இனி, இப்பெயர் எவ்வகை அணி என்பதைக் காண்போம். உவமம் தோன்றும் நிலைக்களங்களைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுப்பர். புல்வெளியை ஆறு என்றது நிறம் பற்றியதன்று. வடிவு பற்றியதும் அன்று. ஏறத்தாழ 50 மைல் அகலம் பரந்து, கணைக்காலளவு நீரும் முழங்காலளவு நீருமாகக் கிடக்கும் ஒன்றை வடிவால் ஆறு என எவரும் கூறார். பயன் பற்றியதும் அன்று. படகோட்டற்கும் பாய்ச்சற்கும் அது எளிதில் உதவுவதில்லை. எஞ்சியது வினை ஒன்றே. ஒழுகுதலாகிய வினை ஒப்புமை பற்றியே அது ஆறு எனப்பட்டது.

இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. நீர் உண்மையிலேயே ஒழுகுகின்றது என்றால், அதனை ஆறு என்றல் உருவகம் ஆகுமா? உள்ளதை உள்ளவாறு கூறுவது தன்மை அணியன்றோ? கண்ணால் மட்டும் கண்டவர்க்கு அது உருவகம். நீரின் இயக்கத்தை அளந்தறிந்தவர்க்கு அது தன்மை. ஒரே தொடர் கேட்போரின் அறிவுநிலைக்கேற்ப உருவகமாகவும் தன்மையாகவும் நிற்றல் இந்நூற்பெயரின் தனிச்சிறப்பு. சிறந்த உருவகங்கள் பலவும் இத்தகையனவே எனலாம். அவை இல்லாததை ஏற்றிக் கூறுவதில்லை. இருந்தும் காணப்படாததைக் காட்டுகின்றன.

நூலின் முதற்பகுதி அமைந்த முறையும் கருதத்தக்கது. புல், நீர், பாறை என நிலத்தின் இயல்பை முதலிற் கூறி, அதில் வாழும் உயிர்களைப் பின்னர்க் கூறி, அதன்பின்னரே மாந்தர் வரலாற்றுக்கு ஆசிரியர் வருகின்றார். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் வைப்புமுறையைப் பயின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அம்மையார் நம் இலக்கணத்தை அறிந்தவரல்லர்; ஆகவே இதனைத் தாக்கம் என்று கூறுதல் பிழை. நிலத்தை மாந்தர் செயலுக்குப் பின்புலமாக மட்டும் கொள்ளாத எந்த எழுத்தும் ஏறத்தாழ இவ்வைப்பினையே அடையும் என்பதற்கு இது சான்று.

ஒரு முரண்

இதுகாறும் கூறியவை நூலின் ஆற்றலைக் காட்டுவன. எனினும் திறனாய்வாளன் மறைத்தற்கில்லாத முரண் ஒன்று உண்டு. 1947இல் புயல்களாலும் பெருமழையாலும் தென் புளோரிடா வெள்ளத்தில் மூழ்கியது. 1928ஆம் ஆண்டுப் புயலில் ஒக்கிசோபி ஏரி கரையுடைத்து, குறைந்தது 2,500 பேர் மாண்ட கொடுமையும் மக்கள் நினைவில் இருந்தது. மாண்டவருட் பெரும்பாலோர் கறுப்பின உழவுத் தொழிலாளர். எனவே 1948இல் அமெரிக்கப் பேரவை, மத்திய, தென் புளோரிடா நீர்த்திட்டத்திற்கு இசைவளித்தது. அதனை நிறைவேற்றும் பொறுப்பு இராணுவப் பொறியாளர் படையிடம் ஒப்படைக்கப்பெற்றது. அத்திட்டத்தைத் தொடக்கத்தில் டக்ளஸ் அம்மையாரும் வரவேற்றார். வறண்டுவரும் எவர்கிளேட்ஸுக்கு அது நீர் தரும் என்று நம்பினார்.

அவர் நம்பியவாறு நடக்கவில்லை. நீர் வேளாண்மைக்கும் நகரங்கட்கும் திருப்பப்பட்டது. பூங்கா நீரின்றி வாடியது. தம் கருத்தை அம்மையார் மாற்றிக்கொண்டார். 1969இல், எழுபதைக் கடந்த அகவையில், ‘எவர்கிளேட்ஸ் நண்பர்கள்’ என்னும் அமைப்பை நிறுவிப் பொறியாளர் படையைக் கடுமையாக எதிர்த்தார்.

நூலாசிரியரே தம் உருவகத்தின் முழுப்பொருளை உணரவில்லையா? அவ்வாறு கூறுவது கடுமையாகும். ஆயினும் உருவகத்திலேயே ஒரு குறை இருந்தது என்று கூறலாம். சதுப்பு என்ற சொல்லை நீக்கி ஆறு என்ற சொல்லை வைத்தமை ஒரு வெற்றியே. ஆனால் ஆறு என்ற சொல்லையே பொறியாளர் எவ்வாறு பொருள்கொண்டனர் என்னும் கேள்வியை நூல் எழுப்பவில்லை. அக்கேள்விக்கு விடை, எவர்கிளேட்ஸுக்கு வடக்கே, கிசிம்மி ஆற்றின் கரையில் எழுதப்பட்டது.

நேராக்கிய ஆறு

கிசிம்மி ஏரியிலிருந்து தெற்கே ஒக்கிசோபி ஏரிவரை செல்வது கிசிம்மி ஆறு. எவர்கிளேட்ஸுக்கு வரும் நீருக்கு அது தலைவாய். ஏறத்தாழ 103 மைல் வளைந்து வளைந்து சென்ற அவ்வாற்றின் இருமருங்கும் ஒரு மைல் முதல் இரண்டு மைல் வரை அகன்ற வெள்ளப்படுகை இருந்தது. ஆண்டின் பெரும்பகுதியும் அப்படுகைமீது நீர் பரவி நிற்கும். 1962 முதல் 1971 வரை பொறியாளர் படை அவ்வாற்றை நேராக்கியது. ஏறத்தாழ 30 அடி ஆழமும் 300 அடி அகலமும் உடைய, 56 மைல் நீளமுள்ள கால்வாயாக அது மாறிற்று. ‘ச-38’ என்னும் பொருள்பட எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு பெயர் அதற்கு இடப்பட்டது. ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும் ஆராய்வோர் இப்பெயர் மாற்றத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆற்றின் வடிவை அழித்தவர் அதன் பெயரையும் உடன்விட்டனர். அது பெயர்க்கு இழைத்த அநீதியன்று. எண்ணால் குறிக்கத்தக்க பொருளாகவே அது ஆகிவிட்டது.

இச்செயலின் அடிப்படை ஒரு பொருள் வரையறை. மேலிருந்து வரும் நீரைக் கீழே கொண்டு செல்லும் வாய்க்காலே ஆறு என்பது அவ்வரையறை. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் பயன் ஒன்றையே அது கொண்டது. அதிலும் ஒரு பயனையே கொண்டது. வளைவு நீளத்தை மிகுப்பது, ஆகவே குறை. கரைகடத்தல் வழிதவறுதல், ஆகவே குற்றம். அக்காலத்தே பொறியாளர் படை மக்கட்குக் காட்டிய ‘விதியின் நீர்’ என்னும் பொருளுடைய திரைப்படம் நீரை மாந்தர்க்குப் பகையாகவும், பொறியாளரை அப்பகையை அடக்கிய வீரராகவும் காட்டியது. அதுவும் உருவகமே. புல்லாறு என்பதற்கு எதிராக நின்றது சதுப்பு என்னும் சொல் மட்டும் அன்று. ‘பகைநீர்’ என்னும் இவ்வுருவகமும் நின்றது. 1928இன் பிணங்களை நினைவில் கொண்ட மக்கட்கு அவ்வுருவகம் பொய்யாகத் தோன்றவில்லை என்பதையும் நடுநிலையோடு கூறல் வேண்டும்.

பின்விளைவுகள் பல. படுகையின் நீர்நிலம் பெரும்பாலும் வறண்டு மேய்ச்சல் நிலமாயிற்று. குளிர்காலத்தில் வந்து தங்கிய வாத்தினங்களுள் பத்தில் ஒன்பது பங்கு வாராதொழிந்தன. வெள்ளை அரிவாள்மூக்கன் மேய்ந்த இடத்தில், மாட்டின் காலடியைத் தொடரும் உண்ணிக்கொக்கு மேய்ந்தது. கால்வாயின் ஓரத்தே துண்டு துண்டாகக் கிடந்த பழைய ஆற்று வளைவுகளில் ஓட்டம் இன்மையால் களை மூடிற்று. மட்கிய பொருள் அடியிற் படிந்தது. நீரில் உயிர்வளி குறைந்தது.

தமிழ் மாணவர் இங்கு ஒரு சொல்லை நினைத்தல் நலம். ‘வெள்ளம்’ என்பது நம் மொழியில் கேட்டினை மட்டும் குறிப்பதன்று. அது மிகுதியைக் குறிக்கும்; பேரெண் ஒன்றன் பெயராகவும் வரும்; மலையாளத்தில் நீருக்கே பொதுப்பெயராக வழங்கும். ஆற்றிடைக்குறைக்கு அரங்கம், துருத்தி என்றும், நீர் ஒதுக்கிய மணல்மேட்டுக்கு எக்கர் என்றும், ஆழ்ந்த இடத்துக்குக் கயம், மடு என்றும் தனித்தனிப் பெயர் இட்ட மொழி இது. ஓடுகின்ற கோட்டினை மட்டும் ஆறு என்று கொண்டிருப்பின் இத்தனை சொற்கள் தோன்றியிரா. கோடும் அது கரைகடந்து பரவும் இடமும் கூடியதே ஆறு என்னும் அறிவு சொல்வளத்திலேயே பொதிந்துள்ளது. இதனால் நாம் ஆறுகளை நன்கு காத்தோம் என்பது பெறப்படாது. சொல் இருத்தல் வேறு. சொல்வழி நிற்றல் வேறு.

மீட்பும் பதிப்பும்

கால்வாய் முடிந்த சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பு வலுத்தது. 1976இல் புளோரிடா மாநிலமே ஆற்றை மீட்பதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றியது. 1984 முதல் ஒரு பகுதியில் கால்வாயின் குறுக்கே தடுப்பணைகள் அமைத்து, நீரைப் பழைய வளைவுகளுட் செலுத்திப் பார்த்தனர். 1992இல் அமெரிக்கப் பேரவை முழுத்திட்டத்திற்கு இசைவளித்தது. 1999இல் கால்வாயைத் தூர்க்கும் பணி தொடங்கி, 2021இல் கட்டுமானம் நிறைவெய்தியது. ஏறத்தாழ 22 மைல் கால்வாய் தூர்க்கப்பட்டது. ஏறத்தாழ 44 மைல் ஆற்றுவழியும் 40 சதுர மைல் ஆற்றுப் படுகையும் மீண்டன. செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர்.

இப்பணியின் முறையைப் பதிப்பியல் அறிந்தவர் எளிதில் உணர்வர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தார், பிரதிபேதங்களையும் போற்றினார். தமக்கு விளங்காத இடத்தைத் தம் மனப்போக்கில் எளிமையாக்குவது பதிப்பாசிரியர்க்கு அறமன்று. கிசிம்மியை நேராக்கியவர் செய்தது அத்தகைய திருத்தமே. வளைவின் பொருள் விளங்காமையால் வளைவை நீக்கினர்.

மீட்டவர் செய்ததோ சுவடி தேடிய செயலை ஒத்தது. கால்வாயின் இருமருங்கும் துண்டுபட்டுக் கிடந்த பழைய வளைவுகளே அவர்க்குச் சுவடிகள். தோண்டியபொழுது கரைமேற் குவித்த மண்ணையே மீண்டும் கால்வாயில் இட்டனர். படுகையின் மண்ணுள் நீரின்றி உறங்கிய விதைகள் நீர் வந்ததும் முளைத்தன. நீர்நிலச் செடிகள் எவரும் நடாமலே திரும்பின. ஓட்டம் வந்ததும் அடியிற் படிந்த மட்கு அரித்துச் செல்லப்பட்டு மணல் வெளிப்பட்டது, எக்கர்கள் தோன்றின, உயிர்வளி மிகுந்தது, நீர்ப்பறவைகள் வந்தன. ஆறு தன் பாடத்தைத் தானே நினைவிற் கொண்டிருந்தது போலும்!

வடிவை மீட்டல் மட்டும் போதாது என்பதும் இங்கு அறியப்பட்டது. வளைவுகளுக்குப் பழைய பருவமுறைப்படி நீர் வரவேண்டும். அதற்கென மேலுள்ள ஏரிகளில் நீரைத் தேக்கி விடுக்கும் முறையையும் மாற்ற வேண்டியதாயிற்று. எழுத்தைச் சரியாகப் பதிப்பித்தும், ஓசை அறியாது படித்தால் செய்யுள் செய்யுளாகாதவாறு போல்வது இது.

மறுப்பும் விடையும்

‘மீட்பு’ என்னும் சொல் மிகைக்கூற்று என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. மீண்டது ஆற்றின் இடைப்பகுதியே. கால்வாயின் தலைப்பகுதியும் கடைப்பகுதியும் அவ்வாறே உள்ளன. மேலுள்ள ஏரிகளைச் சூழ்ந்து வாழும் மக்கட்கு வெள்ளப் பாதுகாப்புக் குறையலாகாது என்னும் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டே எல்லாம் செய்யப்பட்டது. படுகையில் மீண்டும் நீர் பரவுதற்காகத் தனியார் நிலங்களைப் பெருந்தொகை கொடுத்துப் பெற வேண்டியிருந்தது. ஆகவே மீட்கப்பட்டது 1962க்கு முற்பட்ட ஆறு அன்று. அதனோடு பெரிதும் ஒத்த வேறோர் ஆறு.

இம்மறுப்பினை ஏற்றுக்கொள்வோம். ஏற்றபின்னும் ‘மீட்பு’ என்னும் சொல் நிற்கும் என்பதே எம் கருத்து. எந்தப் பதிப்பும் புலவன் கைப்பட எழுதிய ஏட்டைத் தருவதில்லை. கிடைத்த சான்றுகள் தாங்கும் அளவு பழமையை அணுகுவதே பதிப்பு. சில இடங்களில் சுவடி சிதைந்திருக்கும். அங்குப் புள்ளியிட்டு விடுவது நேர்மை. தலையிலும் கடையிலும் எஞ்சிய கால்வாய், அத்தகைய புள்ளியிட்ட இடம். குறையை மறைத்து முழுமை பேசினால் அது பொய்யாகும். குறையைக் காட்டி மீட்பு என்றால் அது பொய்யன்று.

மற்றொரு மறுப்பும் உண்டு. ஆற்றை மீட்டவர் அளவைகளும் ஆய்வுகளும் கொண்ட அறிவியலாரும் பொறியாளருமே. இலக்கியத்திற்கு இதில் என்ன பங்கு என்பர். ஆற்றை நேராக்கியவரும் அளவைகள் உடையவரே என்பது அதற்கு விடை. இருசாரார்க்கும் கருவிகள் ஒன்றே. பொறியாளர் படையும் ஒன்றே. வேறுபட்டது எதனை ஆறு என்று கொண்டனர் என்பது. கிசிம்மி முதல் புளோரிடா விரிகுடா வரை ஒரே நீர்த்தொடர் என்னும் கருத்து மக்கள் நாவில் பயில்வதற்குப் ‘புல்லாறு’ என்னும் சொல் பெரிதும் துணைசெய்தது. அச்சொல்லைத் தந்தவரே, தம் முதுமையில் கிசிம்மியின் மீட்புக்காகவும் குரல் கொடுத்தார். தம் உருவகத்திற்குத் தாமே எழுதிய உரை அது எனலாம்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: புல்லாறு என்னும் உருவகம் சதுப்பு என்னும் பெயரை வென்றது. ஆயினும் ஆறு என்னும் சொல்லின் குறுகிய பொருளை அது வெல்லவில்லை. அதனாலேயே நூல் வெளிவந்து பதினைந்து ஆண்டுகளில் கிசிம்மியை நேராக்கும் பணி தொடங்கியது. படுகையும் பருவமும் சேர்ந்ததே ஆறு என்னும் விரிந்த பொருள், இழப்பின் வழியாகவே கற்கப்பட்டது. அப்பாடத்தைக் கற்பதற்கு ஒன்பது ஆண்டுப் பணியும், அதனைச் செயலாக்க அதனினும் நீண்ட காலமும் செலவாயின.

“உருவகம் அந்நிலத்தைக் காத்ததா?” என்று வினவிய மாணவர்க்கு இனி இவ்வாறு விடை கூறுவோம்: காக்கவில்லை, காக்கத்தக்கது எது என்பதைக் காட்டியது. காட்டியதைப் பின்னர் மாந்தர் காத்தனர், பிந்தியும் ஒரு பகுதியுமாக. உருவகத்தின் ஆற்றல் அதுவே, எல்லையும் அதுவே. சொல்லைத் திருத்தமாகப் பொருள்கொள்ளக் கற்பிக்கும் நம் தொழில் சிறிதும் பயனற்றதன்று என்று கருதுதற்கு இஃது ஒன்றே போதும்.